அட்ரினலின் எந்த அலமாரியில்? ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பழைய வட ஆர்க்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. இந்தப் பக்கத்து நர்சிங் ஹோம்களுக்கு மயக்க மருந்து கொடுக்க, கையில் ஒரு பெட்டியோடு சுற்றுகிறவர்களில் நானும் ஒருவன். சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ பயிற்சியில் இருக்கும்போது ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். வெளியே வந்த பிறகு, ராத்திரி பதினொரு மணிக்குக் குடியாத்தத்தில் ஒரு சிசேரியன் என்று போன் வரும். நீங்கள், சர்ஜன், ஒரு சிஸ்டர், ஒரு டெக்னீஷியன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மருந்து அலர்ஜி முற்றி பிபி படுத்துவிட்டால், அதாவது அனபிலாக்ஸிஸ் வந்துவிட்டால், என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின். முதுநிலை மாணவர்கள், டெக்னீஷியன்கள், சிஸ்டர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதிவைத்த நெறிமுறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

இது அடிக்கடி வருவதில்லை. பிரிட்டனின் மயக்கவியல் ராயல் கல்லூரி 2018-ல் வெளியிட்ட ஆறாவது தேசியத் தணிக்கையில், சுமார் 10,000 மயக்கங்களுக்கு ஒன்று என்று கணக்கு வந்தது. வருஷத்துக்கு ஆயிரம் கேஸ் செய்கிறவருக்குப் பத்து வருஷத்தில் ஒரு தடவை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது, யாருக்கும் கை பழகியிருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். ஐம்பது வயது நெசவாளி, பித்தப்பைக் கல். வார்டில் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை டெஸ்ட் டோஸ் போட்டு "நோ ரியாக்‌ஷன்" என்று எழுதியிருந்தார்கள். ஃபென்டனில், புரோபோஃபால், தசை தளர்த்தும் வெக்குரோனியம், மூச்சு டியூப் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஆன்டிபயாட்டிக் ஏறியது. இரண்டு நிமிடம் இருக்கும். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் 34-லிருந்து 16-க்கு இறங்கியது. பிபி கஃப் ஊதிக்கொண்டே இருந்தது, எண் வரவில்லை. வென்டிலேட்டர் பிரஷர் அலாரம் அடித்தது. டியூப் நகர்ந்துவிட்டதா என்று ஸ்டெத் வைத்துக் கேட்டேன். புரோபோஃபால்தான் பிபியை இறக்கியிருக்கும் என்று, பிபியை ஏற்ற மெஃபென்டர்மின் கொடுத்தேன், இரண்டு தடவை. நான் கேட்காமலேயே சிஸ்டர் எவிலும் (அலர்ஜி ஊசி) ஹைட்ரோகார்ட்டிசோனும் (ஸ்டீராய்டு) ஏற்றி வைத்திருந்தார். அட்ரினலின் என்றதும் டெக்னீஷியன் ஓடினார். அலமாரி பூட்டியிருந்தது, சாவி பகல் ஷிஃப்ட் இன்சார்ஜ் சிஸ்டரின் பையில். நாலு நிமிடம் போனது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த நாலு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தத் தியேட்டருக்குள் நுழைந்தாலும் என் முதல் கேள்வி, "அட்ரினலின் எங்கேம்மா இருக்கு?" வாயால் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டச் சொல்வேன். என் பெட்டியிலும் ஐந்து ஆம்பூல் இருக்கும்.

ஆம்பூலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

அட்ரினலின் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் கெடும். கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, ஞாயிற்றுக்கிழமை ஏசி அணைத்த தியேட்டருக்குள் அலமாரி என்ன சூடாகும் என்று யோசியுங்கள். மருந்து பழுப்போ இளஞ்சிவப்போ அடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆம்பூல் கண்ணாடியே பழுப்பு நிறம் என்பதால் வெளியிலிருந்து சரியாகத் தெரியாது, சிரிஞ்சில் இழுத்த பிறகு பாருங்கள். காலாவதித் தேதியை மாதம் ஒரு முறை ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்தது கணக்கு. இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஒரு ஆம்பூல் 1 மில்லி, அதில் 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். அதை 10 மில்லி சிரிஞ்சில் இழுத்து, சலைன் சேர்த்துப் பத்தாக்கினால் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். அதிலிருந்து 1 மில்லியை இன்னொரு சிரிஞ்சில் எடுத்து மறுபடி பத்தாக்கினால் ஒரு மில்லிக்கு 10. இரண்டு சிரிஞ்சிலும் உடனே லேபிள் ஒட்டுங்கள். "ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று" என்ற பேச்சே வேண்டாம், அவசரத்தில் ஒரு பூஜ்யம் தவறும். "ஐம்பது மைக்ரோகிராம் கொடுங்க" என்று சொல்லுங்கள், சிரிஞ்ச் பிடித்திருப்பவர் "ஐம்பது மைக்ரோகிராம், அரை மில்லி" என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.

முந்தின நாள் கேட்க வேண்டியது

"அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா? ஊசி போட்டு உடம்பு தடிச்சுதா, மூச்சு வாங்குச்சா, மயங்கி விழுந்தீங்களா?" என்று கேளுங்கள். காணாக்கடி (திடீரென்று உடம்பு தடித்து அரிப்பது) என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள், பாட்டிகள் உடனே கதை சொல்வார்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் "ஆ மந்து படது", அந்த மருந்து ஒத்துக்காது, என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது பேசும் வீட்டுப் பெண்களுக்காகப் பெரும்பாலும் கணவரோ மகனோ பதில் சொல்வார். அந்தப் பெண்ணிடமே இன்னொரு தடவை கேட்க வழி செய்யுங்கள். வங்காளத்திலிருந்து வேலூருக்கு வரும் நோயாளியின் கனத்த ஃபைலை முதல் பக்கத்தோடு மூடிவிடாதீர்கள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் நடுவில் ஒரு வரி கிடக்கும்.

தலைமுடி டையோ ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பு வருகிறதா என்று கேளுங்கள். அட்டெனலால் போல பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் முக்கியம், அவருக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பல் டாக்டரிடம் ஊசி போட்டு மயங்கினேன் என்பது பெரும்பாலும் பயத்தில் வந்த மயக்கம்தான். ஆனாலும் என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டுவிட்டு அப்படி முடிவு கட்டுங்கள்.

டெஸ்ட் டோஸ் பற்றி ஒரு வார்த்தை. தோலில் ஒரு சொட்டுப் போட்டு அரைமணி நேரம் பார்ப்பது நம் ஊரில் சடங்காகிவிட்டது. அதில் ஒன்றும் வரவில்லை என்பது உத்தரவாதம் இல்லை, என் நெசவாளியே சாட்சி. அதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு: முடிந்தவரை ஆன்டிபயாட்டிக்கை மயக்கம் கொடுப்பதற்குச் சில நிமிடம் முன்பே, மானிட்டர் மாட்டி, ஆள் விழித்திருக்கும்போதே கொடுங்கள். ஏதாவது வந்தால் "உள்ளங்கை அரிக்குது சார்" என்று அவரே சொல்வார். மயங்கிய பிறகு ஐந்து மருந்து வரிசையாகப் போயிருந்தால் எது என்று யாருக்குத் தெரியும்?

அந்த பிரிட்டிஷ் தணிக்கையில் காரணம் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் ஆன்டிபயாட்டிக் 47 சதவீதம், தசை தளர்த்தும் மருந்துகள் 33, குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி 9, அறுவைக்குப் பயன்படுத்தும் நீலச் சாயம் 5. இதில் குளோரெக்சிடின்தான் கள்ளன். தோல் துடைக்கும் திரவத்தில் மட்டுமல்ல, சில சென்ட்ரல் லைன்களின் மேல்பூச்சிலும், சிறுநீர்க் குழாய் போடும் சில ஜெல்லிலும் இருக்கும். குழாய் போட்டு ஐந்து நிமிடத்தில் பிபி விழுந்தால் யாருக்கும் ஜெல் ஞாபகத்துக்கு வராது. கையுறை ரப்பர் மெதுவாக வரும், அரைமணி நேரம் கழித்துக்கூட. ஹேமாக்செல் போன்ற ஜெலட்டின் டிரிப்பும் குற்றவாளிதான்.

சொந்தக்காரர்கள் "போன வருஷமும் இதே ஊசிதானே போட்டாங்க, அப்ப ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அந்த முதல் ஊசியில்தான் உடம்பு தயாராகிறது. 1902-ல் பாரிஸில் ரிஷேயும் போர்த்தியேவும் கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து இன்னும் குறைந்த அளவிலேயே செத்துப்போனது. அனபிலாக்ஸிஸ் என்ற பெயரே அங்கேதான் பிறந்தது. ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. தசை தளர்த்தும் மருந்துகள் இந்த விதிக்குக் கட்டுப்படாது, முதல் தடவையிலேயே வரலாம்.

எப்போது சந்தேகப்படுவது

பாடப் புத்தகத்தில் தடிப்பு, மூச்சு இரைப்பு, பிபி குறைவு என்று வரிசையாக இருக்கும். தியேட்டரில் உடம்பு முழுக்கப் பச்சைத் துணி போர்த்தியிருக்கிறது, தடிப்பை எங்கே பார்ப்பது? அதைவிட, பிபி படுத்திருக்கும்போது தோலுக்கு ரத்தமே போகாது. பிபி ஏறிய பிறகுதான் தடிப்பு தெரியும். என் ஆளுக்கும் அப்படித்தான், எல்லாம் சரியாகித் துணியை விலக்கினால் மார்பு முழுக்க அறைந்த மாதிரி சிவந்திருந்தது.

அதனால் இந்த மூன்றைப் பாருங்கள்: காரணம் புரியாமல் பிபி விழுகிறது, கேப்னோகிராஃப் எண் சரிகிறது, மூச்சுக் கொடுக்கும் பேக் அழுத்தக் கல்லாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. வெறும் பிபி மட்டும் விழுவதுதான் மிக அதிகம். நாடித் துடிப்பு வேகமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள், சிலருக்குக் குறையும். வழக்கமாகக் கொடுக்கும் மெஃபென்டர்மினோ ஃபெனைலெஃப்ரினோ இரண்டு டோஸுக்கு மசியவில்லை என்றால் மூன்றாவதை ஏற்றாதீர்கள். அனபிலாக்ஸிஸ் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்வது முக்கியம். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் மற்றவர்கள் கை நகரும்.

முதுகில் ஊசி போட்ட சிசேரியன்தான் பெரிய பொறி. ஸ்பைனலால் பிபி இறங்கும், ஆக்ஸிடோசினால் இறங்கும், ரத்தப்போக்கால் இறங்கும். அலர்ஜி அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பெண் விழித்திருக்கிறாள், பேசுகிறாள். "உடம்பெல்லாம் எரியுது, தொண்டை அடைக்குது, எனக்கு என்னமோ ஆவுது" என்றால் "பயப்படாதம்மா" என்று சமாதானம் சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிவிடாதீர்கள். குரலைக் கேளுங்கள், உதட்டைப் பாருங்கள், துணியைத் தூக்கி வயிற்றையும் தொடையையும் பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

சந்தேகம் வந்த நொடியில் ஏறிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துங்கள். ஜெலட்டின் டிரிப் ஓடினால் அதையும். குளோரெக்சிடின் பூசிய லைன் என்றால் எடுத்துவிடுங்கள். சர்ஜனை நிறுத்தச் சொல்லுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். பக்கத்துத் தெரு டாக்டரானாலும் பரவாயில்லை, மார்பை அழுத்த ஒரு ஜோடிக் கை வேண்டும். நூறு சதவீதம் ஆக்ஸிஜன். கால் இரண்டையும் தூக்கி வையுங்கள், கர்ப்பிணி என்றால் வயிற்றை இடது பக்கம் தள்ளிப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள். டியூப் இல்லாத ஆளுக்குக் குரல் மாறினாலோ நாக்கு வீங்கினாலோ டியூப் போடத் தாமதிக்காதீர்கள். வீங்கி முடிந்த தொண்டைக்குள் வழி தேடுவது நரகம்.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே அட்ரினலின் போக வேண்டும். இதற்கெல்லாம் பிறகு அல்ல.

மானிட்டர் மாட்டியிருக்கிறது, நரம்பில் லைன் இருக்கிறது, அட்ரினலினை நரம்பில் கொடுத்துப் பழக்கம் இருக்கிறது என்றால், பெரியவர்களுக்கு 50 மைக்ரோகிராம். அதாவது மில்லிக்கு 100 உள்ள சிரிஞ்சில் அரை மில்லி, மில்லிக்கு 10 உள்ளதில் 5 மில்லி. ஒரு நிமிடம் பாருங்கள், பலன் இல்லையென்றால் மறுபடி, தேவைப்பட்டால் அளவைக் கூட்டுங்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம்.

பழக்கம் இல்லை, லைன் போய்விட்டது, வார்டில் நடக்கிறது, கை நடுங்குகிறது, எதுவானாலும் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுங்கள். பெரியவர்களுக்கு அரை ஆம்பூல், 0.5 மில்லிகிராம், சலைன் கலக்காமல். 6 முதல் 12 வயதுக்கு 0.3, 6 மாதம் முதல் 6 வயதுக்கு 0.15 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இன்னொன்று. கையில் போடாதீர்கள், தோலுக்கடியில் போடாதீர்கள். சிஸ்டர்களே, டாக்டர் வர நேரமாகும் என்றால் இந்தத் தொடை ஊசியைப் போட உங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள்.

நாடி இருக்கும் ஆளுக்கு முழு ஆம்பூலையும் நரம்பில் தள்ளிவிடாதீர்கள். பிபி 250-ஐத் தாண்டி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, நுரையீரலில் நீர் கோத்ததைப் பார்த்தவர்கள்தான் பிறகு ஆயுசு முழுக்க அட்ரினலினுக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கு மருந்து மேலே சொன்ன கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இதே பயம் பாம்புக்கடி வார்டில் கிடையாது. நம் பக்கத்தில் நிலக்கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் கடிபட்டு வருகிறவர்களுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறோம். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் ரியாக்‌ஷன் சகஜம். உடம்பு தடித்தவுடன், நேற்று சேர்ந்த பயிற்சி டாக்டர்கூட யோசிக்காமல் தொடையில் அரை மில்லிகிராம் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார். அதே டாக்டர் தியேட்டருக்கு வந்ததும் எவிலைத் தேடுகிறார். வியாதி ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். இடம் மாறியதும் கை ஏன் மாறுகிறது?

அட்ரினலினுக்கு அடுத்தது தண்ணீர். ரத்தக் குழாய்கள் சல்லடையாகிப் பத்து நிமிடத்துக்குள் உள்ளே ஓடும் நீரில் மூன்றில் ஒரு பங்கு வெளியே கசிந்துவிடலாம். ஆர்.எல்.லோ (ரிங்கர் லாக்டேட்) சலைனோ கிலோவுக்கு 20 மில்லி, பிரஷர் பேக் இல்லையென்றால் கையால் பிழிந்து ஏற்றுங்கள். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் மேல். மறுபடி வேண்டியிருக்கும். மூன்று லிட்டர் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள். பெரிய வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) இன்னொன்று போடுங்கள்.

மேல் பிபி 50-க்குக் கீழே போனாலோ கேப்னோகிராஃப் 20-க்குக் கீழே இறங்கினாலோ, நாடி தட்டுப்படுகிறதா என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மார்பை அழுத்தத் தொடங்குங்கள். இதயம் நின்றால் அப்போது முழு ஆம்பூல், 1 மில்லிகிராம், நரம்பில்.

மசியவில்லை என்றால்

மூன்று தடவை கொடுத்தும் விழுந்து விழுந்து எழுகிறது என்றால் டிரிப்பாக ஓட விடுங்கள். 3 மில்லிகிராம் அட்ரினலினை 50 மில்லி சிரிஞ்சில் சலைனோடு நிரப்பிப் பம்பில் வைத்தால், மணிக்கு 1 மில்லி என்பது நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு 3-ல் ஆரம்பித்துப் பிபியைப் பார்த்து ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வாசோபிரெசின் 2 யூனிட், நார்அட்ரினலின் டிரிப். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குக் குளுக்ககான் 1 மில்லிகிராம். சின்ன ஊரில் கிடைக்காது, அதனால்தான் முந்தின நாளே கேட்கச் சொன்னேன். மூச்சுக்குழாய் இறுக்கம் மட்டும் விடவில்லை என்றால் சால்பியூட்டமால், மெக்னீசியம் 2 கிராம். டியூப் மடங்கியிருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா, நுரையீரலுக்கு வெளியே காற்று கோத்திருக்கிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

எவில், ஹைட்ரோகார்ட்டிசோன்? பிபி நிமிர்ந்த பிறகு அரிப்புக்கும் தடிப்புக்கும் எவில் கொடுக்கலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்ய மணிக்கணக்காகும். இரண்டும் உயிரைக் காப்பதில்லை. இவற்றைக் கொடுப்பது தப்பில்லை, இவற்றை ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அட்ரினலின் ஆம்பூல் உடையாமல் கிடப்பதுதான் தப்பு.

நிலைமை அடங்கிய பிறகு

அவசரம் இல்லாத அறுவையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். என் நெசவாளிக்குப் பித்தப்பை ஆறு வாரம் காத்திருந்தது, ஒன்றும் குடி முழுகவில்லை. சிசேரியன் என்றால் குழந்தையை எடுத்து முடித்துவிட வேண்டியதுதான்.

ஐ.சி.யூ. இல்லாத இடமென்றால் வேலூருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பிபி இல்லாத ஆளை 108-ல் ஏற்றி நெடுஞ்சாலையில் விடாதீர்கள். முதலில் நிலைப்படுத்துங்கள். பம்பில் அட்ரினலின் ஓடட்டும், நீங்களே கூடப் போங்கள், நிரப்பிய சிரிஞ்சுகள் சட்டைப் பையில் இருக்கட்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம், ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

போகும் முன் ரத்தம் எடுங்கள். டிரிப்டேஸ் என்ற பரிசோதனைக்கு, ரத்தம் உறையும் சோதனைக் குழாயில் மூன்று தடவை: நிலைமை கைக்குள் வந்தவுடன் ஒன்று, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதுங்கள், நேரம் இல்லாத குழாயால் பயன் இல்லை. கடைசி எண்ணை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். முன்பு எடுத்தது அதைத் தாண்டியிருந்தால் அனபிலாக்ஸிஸ்தான். தாண்டாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அன்றைக்கே உட்கார்ந்து, முந்தைய ஒரு மணி நேரத்தில் உடம்பில் பட்ட எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மருந்து மட்டுமல்ல, துடைத்த திரவம், ஜெல், கையுறை வகை, டிரிப் எல்லாம். நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத் தோல் பரிசோதனை செய்யும் டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் வழி காட்டும்.

கடைசியாக நோயாளிக்கு ஒரு சீட்டு. "மயக்க ஊசி அலர்ஜி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அதைப் பார்த்தால் அடுத்த ஊரில் யாரும் அவருக்கு எந்த ஊசியும் போட மாட்டார்கள். என் ஆளுக்கு முதலில் சந்தேகப்பட்ட மருந்துகள் எல்லாவற்றையும் எழுதினேன். பரிசோதனையில் செஃப்ட்ரையாக்ஸோன் என்று தெரிந்த பிறகு அதை மட்டும் கொட்டை எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, புரோபோஃபால், வெக்குரோனியம், ஃபென்டனில் மூன்றும் பரிசோதனையில் சரி, கொடுக்கலாம் என்று கீழே சேர்த்து, லேமினேட் செய்து கொடுத்தேன். பித்தப்பை எடுக்க அவர் திரும்பி வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஆதார் அட்டைக்கு முன்னால் அந்தச் சீட்டு. பின்னால் அவர் மனைவி, "பால்காரர்கிட்டகூடக் காட்டிட்டாரு சார்" என்றார்.